சர்வோ ஹைட்ராலிக் சோதனை இயந்திரம்: யாரிடம் வாங்குவது?

சேலத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளும் லாரி உதிரிபாகத் தொழிற்கூடங்களும் எண்ணெய் அழுத்தத்தால் ஒரு பொருளை மீண்டும் மீண்டும் இழுத்துத் தள்ளி அதன் ஆயுளைச் சோதிக்கும் சர்வோ ஹைட்ராலிக் சோதனை இயந்திரம் வாங்கத் தீர்மானித்தவுடன், வந்து சேர்ந்த கொட்டேஷன்களை எனக்கு அனுப்பி, இவற்றில் எதை எடுக்கலாம் என்று கேட்பது சில ஆண்டுகளாக வழக்கமாகியிருக்கிறது. உலோகச் சோதனைக் கூடம் நடத்துபவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி கிடையாது. எந்த நிறுவனத்துக்கும் நான் முகவர் அல்ல. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அனுப்பப்படும் ஒப்பீட்டு அட்டவணைகள் எல்லாம் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். முதல் வரியில் 100 கிலோ நியூட்டன் என்ற சுமைத்திறன், அடுத்து சட்டகத்தின் உயரம், தூண்களின் இடைவெளி, மாதிரியை இழுத்துத் தள்ளும் பிஸ்டன் உருளையான ஆக்சுவேட்டரின் ஸ்ட்ரோக் (அது நகரும் தூரம்), கடைசியில் விலை. சட்டகமும் ஆக்சுவேட்டரும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகள் உழைக்கக் கூடியவை. பெயர் பெற்ற எந்த நிறுவனமும் அவற்றைச் சுமாராகச் செய்வதில்லை. மாதாமாதம் மின்கட்டணத்தைத் தீர்மானிப்பது, எண்ணெயை அழுத்தத்தில் தள்ளும் பம்பும் மோட்டாரும் அடங்கிய பவர் பேக். இயந்திரம் எந்த ஆண்டில் மூலையில் துணி போர்த்தி நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது, அதை ஓட்டும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலர். அட்டவணையில் இந்த இரண்டுக்கும் தலா ஒரு வரிதான் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டு வரிகளை வைத்துத்தான் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சேலத்துக்கு இப்படியொரு இயந்திரம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிகளின் ஊர்கள். முழுச் சுமையோடு தொப்பூர்க் கணவாயில் இறங்கும் லாரியின் பட்டை ஸ்பிரிங், ஒரே அடியில் உடைவதில்லை. தாங்கக்கூடிய அளவுக்குள் இருக்கும் சுமையே லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசலை மெல்ல வளர்த்து, ஒருநாள் பிளேட்டை இரண்டாக்குகிறது. ரயில் அச்சுகள் இப்படி முறிவதை ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே முறைப்படி ஆராயத் தொடங்கிவிட்டார். கல்லூரிகளில் இருக்கும் சாதாரண யு.டி.எம். (பொதுச் சோதனை) இயந்திரம் இழுத்து உடைக்கும், அவ்வளவுதான். எத்தனை சுற்றுக்குப் பிறகு உடையும் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம், “சார், இழுவிசை ரிப்போர்ட் எங்ககிட்ட கட்டு கட்டா இருக்கு. பார்ட்டி கேக்குறது லைஃப் எவ்வளவுங்கறதுதான்” என்றார்.

ஆகவே முதலில் எழுதி வைக்க வேண்டியது சோதனைப் பட்டியல். எந்தப் பொருள், எவ்வளவு சுமை, எவ்வளவு அசைவு, நொடிக்கு எத்தனை சுற்று, மொத்தம் எத்தனை சுற்று என்ற ஐந்து விவரங்களும் இல்லாமல் கொட்டேஷன் கேட்டால், விற்பவர் தன்னிடம் தயாராக இருப்பதைத்தான் கொடுப்பார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இத்தகைய இயந்திரங்களில் எண்ணெயின் அழுத்தம் பெரும்பாலும் 210 பார். 50 கிலோ நியூட்டன் ஆக்சுவேட்டருக்கு அந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 25 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் பரப்பு வேண்டும். பட்டை ஸ்பிரிங்கை மேலும் கீழும் தலா 60 மில்லிமீட்டர் அளவுக்கு, நொடிக்கு ஒரு சுற்று என்று ஆட்டினால், பிஸ்டனின் உச்ச வேகம் நொடிக்கு 377 மில்லிமீட்டர். அதற்குத் தேவையான எண்ணெய் ஓட்டம் நிமிடத்துக்கு சுமார் 56 லிட்டர். இப்போது அதைவிட இரு மடங்கு பெரிய 100 கிலோ நியூட்டன் இயந்திரத்தில், விரல் பருமனுள்ள உருளை வடிவச் சோதனை மாதிரி ஒன்றை நொடிக்கு 20 சுற்று வீதம் இருபுறமும் தலா 0.1 மில்லிமீட்டர் மட்டும் அசைத்துச் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நிமிடத்துக்கு 4 லிட்டர்கூட வேண்டியதில்லை. சுமைத்திறன் இரட்டிப்பாகியும் எண்ணெய்த் தேவை பதினைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல், 100 கிலோ நியூட்டன் இயந்திரம் என்ற ஒரே காரணத்துக்காகப் பெரிய பவர் பேக்கைத் தலையில் கட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அதைவிடப் பரிதாபமாக, ஸ்பிரிங் சோதனைக்கென்று வாங்கிவிட்டு, பம்பு போதாமல் அசைவைப் பாதியாகக் குறைத்து ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

நல்ல நிறுவனம் என்றால் இந்தக் கணக்கைத் தானே போட்டு, அசைவையும் அதிர்வெண்ணையும் இரண்டு அச்சுகளில் காட்டும் செயல்திறன் வரைபடத்தைக் கொட்டேஷனுடன் இணைத்திருக்கும். அந்த வளைகோட்டுக்குள் உங்கள் சோதனைகள் ஒவ்வொன்றும் விழுகிறதா என்று பென்சிலால் புள்ளி வைத்துப் பாருங்கள். வரைபடம் எந்த சர்வோ வால்வுக்கு (கட்டளைக்கேற்ப எண்ணெயை ஆக்சுவேட்டருக்குள் விடுவது அதுதான்), எவ்வளவு பம்பு ஓட்டத்துக்கு வரையப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். விலைப்பட்டியலில் ஒரு வால்வையும் வரைபடத்தில் அதைவிடப் பெரிய வால்வையும் போட்டிருந்த கொட்டேஷனை நான் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே செய்தார்களா, அவசரத்தில் ஒட்டினார்களா என்பது தெரியாது. கேட்டவுடன் மாற்றிக் கொடுத்தார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் வேலை முழுவதும் சிறு மாதிரிகளை ஒரு கோடிச் சுற்றுவரை ஓட்டுவதாக மட்டும் இருந்தால், 20 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 20 சுற்றில், ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ ஆறு நாள் ஆகும். ஒத்ததிர்வு முறையில் இயங்கும் இயந்திரம் 100 ஹெர்ட்ஸில் அதே வேலையை 28 மணி நேரத்தில், மிகக் குறைந்த மின்சாரத்தில் முடித்துவிடும். உங்கள் பட்டியலைப் படித்துவிட்டு, “இதற்கு சர்வோ ஹைட்ராலிக் தேவையில்லை” என்று சொல்லும் விற்பனையாளர் கிடைத்தால் அவருடைய தொலைபேசி எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் பேக்குக்கு வருவோம். நிமிடத்துக்கு 60 லிட்டர் எண்ணெயை 210 பாரில் தள்ளுவதற்கு 21 கிலோவாட் வேண்டும். பம்பு, மோட்டார் இழப்புகளையும் சேர்த்தால் 25 கிலோவாட்டுக்கு வந்து நிற்கும். பம்பு எப்போதும் ஒரே அளவு எண்ணெயைத் தள்ளும் மாறாக் கொள்ளளவு வகையாக இருந்தால், ஆக்சுவேட்டர் குடிக்காத எண்ணெய் முழுவதும் ரிலீஃப் வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்பி வெப்பமாகிவிடும். நீங்கள் சும்மா நிறுத்தி வைத்திருக்கும் நேரத்திலும் மீட்டர் அதே வேகத்தில் ஓடும். மேலே சொன்ன ஸ்பிரிங் சோதனையில் ஒரு லட்சம் சுற்றுக்கு ஏறத்தாழ 28 மணி நேரம், அதாவது 700 யூனிட். அழுத்த எண்ணெயைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டர் உச்சத் தேவையைச் சமாளித்துக்கொள்வதால் சராசரி ஓட்டம் 36 லிட்டர்தான். மாறும் கொள்ளளவுப் பம்போ, இன்வெர்ட்டர் பூட்டிய மோட்டாரோ இருந்தால் 15, 16 கிலோவாட்டில் காரியம் முடியும். கொட்டேஷனில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், ‘ஹைட்ராலிக் பவர் பேக்’. விலை குறைந்தவர் எதைக் கொடுத்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

உள்ளே போகும் மின்சாரம் அநேகமாக அத்தனையும் கடைசியில் எண்ணெயில் வெப்பமாகத்தான் சேர்கிறது. எண்ணெய் 40 முதல் 50 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அதற்குமேல் போனால் பாகுத்தன்மை குறையும், சீல்கள் கெடும், எண்ணெய் கறுக்கும். குளிர் நாட்டில் வரைந்த பவர் பேக்கின் குளிர்விப்பான், சுற்றுப்புறம் 25 டிகிரி என்று எடுத்துக்கொண்டு கணக்கிடப்பட்டிருக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் வரும். தகரக் கூரை போட்ட பம்பு அறைக்குள் அதற்கும் மேலே. காற்றால் குளிர்விக்கும் வகையை வாங்குவதாக இருந்தால், 45 டிகிரிச் சுற்றுப்புறத்தில், முழு ஓட்டத்தில், எண்ணெய் எத்தனை டிகிரியில் நிற்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீரால் குளிர்விக்கும் வகை என்றால் வேறு தொல்லை. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே விட்டால், வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதுபோல் வெப்பமாற்றியின் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாகப் படிந்து, அடுத்த கோடைக்குள் பாதி வழியை அடைத்துவிடும். மென்னீராக்கியும் குளிர்கோபுரமும் யாருடைய பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அது உங்கள் பொறுப்பு.

எண்ணெயின் சுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சர்வோ வால்வு கெடுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அமெரிக்கப் பொறியாளர் பில் மூக் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தவைதான் இன்றைய வால்வுகளும். உள்ளே எண்ணெய் வழியைத் திறந்து மூடும் ஸ்பூலுக்கும் அதன் உறைக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளிதான் உண்டு. டிரம்மிலிருந்து வரும் புதிய எண்ணெய் இதற்குப் போதுமான சுத்தம் உடையதல்ல என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். எங்கள் கூடத்தில் ஒரு வேலை செய்வோம்: தொட்டியிலிருந்து 100 மில்லி எண்ணெயை எடுத்துக் கரைப்பானில் கலந்து, மென்படல வடிதாள் வழியே வெற்றிடப் பம்பால் இழுத்து, அந்தத் தாளை நுண்ணோக்கியில் வைப்போம். பளபளக்கும் ஊசிகள் தெரிந்தால் பம்பு தேய்கிறது. கருப்பாக, ஓரம் மழுங்கிய துணுக்குகள் சீலிலிருந்து வந்தவை. ஒளி ஊடுருவும் வெள்ளைப் பரல்கள் வெளித்தூசி. மேக்னசைட் சுரங்கத்துக்கும் கல் குவாரிக்கும் பஞ்சமில்லாத வட்டாரத்தில், தொட்டியின் மூச்சுத்துளை வடிகட்டியை மாற்ற மறந்தால் இந்த மூன்றாவது வகைதான் நிறைந்திருக்கும். விற்பவரிடம் கேட்க வேண்டியது, எண்ணெயிலுள்ள துகள்களை எண்ணும் ஐ.எஸ்.ஓ. 4406 முறையில் எந்தச் சுத்த எண்ணைத் தருவதாக உறுதி கூறுகிறார், நிறுவும்போது வால்வுக்குப் பதிலாக ஃபிளஷிங் தகடு பூட்டி எத்தனை மணி நேரம் எண்ணெயை ஓட்டிக் கழுவுவார், 3 மைக்ரான் வடிகட்டியின் விலை என்ன, அது கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ கையிருப்பில் கிடைக்குமா என்பவை. ஃபிளஷிங் என்ற சொல்லே இல்லாத கொட்டேஷனை நான் அத்துடன் மூடிவைத்துவிடுவேன்.

இனி, விற்பவர்கள் யார் என்பது. அமெரிக்காவின் எம்.டி.எஸ்., இன்ஸ்ட்ரான், ஜெர்மனியின் ஸ்விக் ரோயல், ஜப்பானின் ஷிமாட்சு, சுவிட்சர்லாந்தின் வால்ட்டர் பாய், பெங்களூரில் தொடங்கப்பட்ட பிஸ் ஆகியவை நம் பக்கத்துக் கொட்டேஷன்களில் வரக்கூடிய பெயர்கள். வால்வுக்குப் புகழ்பெற்ற மூக் நிறுவனமும் ஆக்சுவேட்டரும் கன்ட்ரோலரும் தருகிறது. கொள்முதல் குழுக்கள் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி இதில் உண்டு. இன்ஸ்ட்ரானை 2005இல் இல்லினாய் டூல் வொர்க்ஸ் என்ற அமெரிக்கக் குழுமம் வாங்கியது, பிஸ் பின்னர் அதே குழுமத்துக்குள் வந்தது, எம்.டி.எஸ். நிறுவனத்தை 2021இல் ஆம்ஃபினால் என்ற நிறுவனம் வாங்கி, அதன் சோதனை இயந்திரப் பிரிவை அதே ஆண்டு டிசம்பரில் இதே குழுமத்துக்குக் கைமாற்றியது. ஆகவே இம்மூன்று பெயர்களில் மூன்று கொட்டேஷன்கள் உங்கள் மேசையில் இருந்தால், வணிகக் கணக்கில் அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள். இதில் முறைகேடு எதுவும் இல்லை. தனித்தனிப் பிரிவுகளாக, தனித்தனி இயந்திரங்களைத்தான் விற்கிறார்கள். ஆனால் போட்டி விலை பெற்றுவிட்டோம் என்று தணிக்கைக்கு எழுதுவதற்கு முன், குழுமத்துக்கு வெளியேயிருந்தும் ஒரு விலை வாங்கியிருக்கிறோமா என்று பார்ப்பது நல்லது.

பெயரைவிடத் தூரம் முக்கியம் என்று நான் நினைப்பதுண்டு. பெங்களூரில் சர்வீஸ் இன்ஜினீயர் இருந்தால் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் சேலத்தில் இருப்பார். டெல்லியில் மட்டும் இருந்தால் விமானச் செலவு, தங்கும் செலவு, அதற்கான ஒப்புதல் கடிதம் என்று ஒரு வாரம் ஓடும். வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எத்தனை வருகை, வந்து சேர எத்தனை நாள், வால்வு பழுதானால் மாற்று வால்வு தருவார்களா என்பவற்றை எழுதச் சொல்லுங்கள். அதே இயந்திரத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கும் ஒரு கூடத்தின் பெயரையும் கேட்டு வாங்கி, பேராசிரியரிடம் பேசாமல், இயந்திரத்தை ஓட்டும் டெக்னீஷியனிடம் பேசுங்கள். உண்மை விலைப்பட்டியல் அவரிடம்தான் இருக்கும்.

கன்ட்ரோலர் விஷயத்துக்குத்தான் நான் அதிகம் வாதாடுவேன். நொடிக்குப் பல ஆயிரம் முறை சுமையையும் அசைவையும் படித்து வால்வுக்குக் கட்டளை இடும் அந்தப் பெட்டி, மின்னணுப் பொருள் என்பதால், சட்டகத்தின் ஆயுளில் பாதிகூட வாழாது. ஒரு கல்லூரியில் பார்த்தேன்: குரோம் பூச்சு மங்காத தூண்கள், கசிவே இல்லாத ஆக்சுவேட்டர், அருகே விண்டோஸ் எக்ஸ்பி கணினி. கணினியின் தாய்ப்பலகை போய்விட்டது. கட்டுப்பாட்டு அட்டை புதிய கணினிகளில் பொருந்தாது. மென்பொருளின் பூட்டுச்சாவி பழைய போர்ட்டைத் தேடுகிறது. விற்றவரைக் கேட்டதற்கு, எல்லா மின்னணுவியலையும் மாற்ற வேண்டும் என்று புது இயந்திரத்தின் விலையில் பாதியைக் கேட்டிருக்கிறார்கள்.

இதற்கு மாற்று மருந்து வாங்கும் நாளிலேயே இருக்கிறது. சர்வோ வால்வு பொருந்தும் தளத்துக்கு ஐ.எஸ்.ஓ. 10372 என்ற பொது அளவு உண்டு. சுமையை அளக்கும் லோடு செல் என்பது, நீட்சியை மின் சிக்னலாக்கும் ஸ்ட்ரெயின் கேஜ்களின் பிரிட்ஜ்; அது தரும் சிக்னல் உலகெங்கும் ஒன்றுதான். ஆக்சுவேட்டரின் உள்ளே இருந்து அசைவை அளக்கும் எல்.வி.டி.டி.யும் புதிரானதல்ல. இம்மூன்றும் பொதுவான வகையாக இருந்து, அவற்றின் கம்பி இணைப்பு வரைபடம் உங்கள் அலமாரியில் இருந்தால், பன்னிரண்டாம் ஆண்டில் வேறு யாருடைய கன்ட்ரோலரையும் பூட்டிக்கொள்ளலாம். சென்சாருக்குள்ளேயே தன் அடையாளச் சில்லை வைத்து, தன் பெட்டி தவிர வேறெதுவும் படிக்க முடியாதபடி செய்பவரிடம் அந்தப் பூட்டைத் திறக்கும் உரிமையை எழுதி வாங்குங்கள். தர மறுத்தால், அவருடைய விலையுடன் வருங்காலக் கன்ட்ரோலர் ஒன்றின் விலையையும் கூட்டிவைத்து ஒப்பிடுங்கள். மென்பொருள் உரிமம் ஆண்டுக்கட்டணமா, ஒருமுறை விலையா, சோதனைத் தரவு சாதாரணக் கோப்பாக வெளியே வருமா என்பவற்றையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

கன்ட்ரோலரைப் பற்றி நம் ஊருக்கே உரிய கேள்வி ஒன்று மீதமிருக்கிறது: ஓட்டத்தின் நடுவே கரண்ட் போனால் என்ன ஆகும்? பம்பு நின்று அழுத்தம் சரியும் அந்த ஒரு நொடியில் ஆக்சுவேட்டர் தறிகெட்டு இழுத்தாலோ தள்ளினாலோ, மாதிரியின் மீது ஒரு மிகைச்சுமை விழும். ஒரே ஒரு மிகைச்சுமை, வளரும் விரிசலின் வேகத்தைக் குறைத்துவிடக் கூடியது. மாதிரி உடையாமல் தப்பித்தாலும், அதற்குப் பிறகு வரும் ஆயுள் எண்ணிக்கையை நம்ப முடியாது. கன்ட்ரோலருக்கு யு.பி.எஸ். இருக்க வேண்டும், அழுத்தம் குறைந்தவுடன் வால்வை மூடும் இன்டர்லாக் இருக்க வேண்டும், சுற்று எண்ணிக்கை அழியாமல் இருக்க வேண்டும். செயல் விளக்கத்தின்போது மெயின் சுவிட்சை நீங்களே அணைத்துப் பாருங்கள். முகம் மாறாமல் நிற்கும் விற்பனையாளரிடம் நம்பி வாங்கலாம்.

செயல் விளக்கம் என்றதும் வெறும் ஆக்சுவேட்டரைக் காற்றில் ஆட்டி, திரையில் அழகான சைன் அலையைக் காட்டுவார்கள். அதற்குப் பொருள் ஏதுமில்லை. உங்கள் மாதிரியையே கொண்டு போய்ப் பூட்டி, உங்கள் அதிர்வெண்ணில் ஓட்டச் சொல்லுங்கள். நிலைச்சுமை அளவுத்திருத்தம் ஐ.எஸ்.ஓ. 7500-1 முறையில் ஒரு சதவீதத்துக்குள் இருக்கிறது என்ற சான்றிதழ், ஓடும் இயந்திரத்துக்குப் போதாது. லாரி ரப்பர் புஷ் ஒன்றை 20 ஹெர்ட்ஸில் இருபுறமும் தலா ஒரு மில்லிமீட்டர் அசைப்பதாக வைத்துக்கொள்வோம். லோடு செல் ஆக்சுவேட்டரோடு சேர்ந்து அசையும் அமைப்பாகவும், அதற்கும் மாதிரிக்கும் நடுவே உள்ள, மாதிரியைப் பிடிக்கும் கிரிப்பின் எடை 15 கிலோவாகவும் இருந்தால், அந்த எடையை அசைக்கவே சுமார் 237 நியூட்டன் விசை வேண்டும். 5 கிலோ நியூட்டன் சோதனையில் அது ஏறத்தாழ 5 சதவீதப் பிழை. இதைச் சரிபார்க்கத்தான் ஏ.எஸ்.டி.எம். ஈ467, ஐ.எஸ்.ஓ. 4965 போன்ற இயங்குசுமை நெறிமுறைகள் இருக்கின்றன. எந்த முறையில் சரிபார்த்துத் தருவீர்கள் என்று கேட்டால், சிலர் அந்த எண்களை அப்போதுதான் குறித்துக்கொள்வார்கள். அதுவும் ஒரு பதில்தான். கிரிப்புகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதற்கும் இதே கதை: சுற்றிலும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிய மாதிரியைப் பூட்டி, வளைவுத் தகைவு 5 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏ.எஸ்.டி.எம். ஈ466 கேட்பது அதைத்தான். சோதனைக் கூடங்களுக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த ஆவணங்கள் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

சிவில் துறையினர் கேட்பது இன்னும் எளிது. உத்திரமும் தூணும் சேரும் கணுவை நிலநடுக்கச் சுமைபோல் மெதுவாக முன்னும் பின்னும் தள்ளும் சோதனைக்கு நீண்ட ஸ்ட்ரோக் வேண்டுமே தவிர, பெரிய பம்பு வேண்டாம். அவர்களுடைய செலவு, பெருஞ்சுமை தாங்கும் தளமான ஸ்ட்ராங் ஃபுளோரிலும் எதிர்விசைச் சுவரிலும் போகும். அது இயந்திரம் விற்பவரின் பாடு அல்ல, கட்டட ஒப்பந்தக்காரரின் பாடு. இயந்திரவியல் துறையும் சிவில் துறையும் ஒரே பவர் பேக்கைக் குழாய் இழுத்துப் பகிர்ந்துகொண்டால் மிச்சம் உண்டு. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்தால், எது தேவை, எது ஆசை என்பது இரு துறைகளுக்கும் பிடிபடும்.

கடைசியாக டெண்டர். தொழில்நுட்பம், விலை என இரண்டு உறைகளாகக் கேட்பது வழக்கம். தொழில்நுட்ப உறையில் மேலே சொன்னவற்றையெல்லாம் ஆம், இல்லை என்று பதில் வரும் வரிகளாக எழுதாவிட்டால், விலை உறை திறந்தபின் குறைந்த விலைக்காரரை மறுக்க உங்களிடம் காரணம் இருக்காது. மத்திய அரசு நிதியில் வாங்குவோர், 2017ஆம் ஆண்டின் மேக் இன் இந்தியா முன்னுரிமை ஆணைப்படி உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமா, 20 சதவீதமா என்ற சான்றையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பணம் கொடுக்கும் நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: இயந்திரம் கப்பலேறியதற்கு ஒரு பங்கு, நிறுவியதற்கு ஒரு பங்கு என்று எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல், கணிசமான ஒரு பங்கை, உங்கள் கூடத்தில், மே மாத வெயிலில், உங்கள் ஸ்பிரிங்கை ஒரு லட்சம் சுற்று இடைவிடாமல் ஓட்டி, எண்ணெய் 50 டிகிரியைத் தாண்டவில்லை என்று இரு தரப்பும் கையொப்பம் இட்ட பிறகே விடுவிப்பதாக எழுதுங்கள்.